நாற்பத்தேழாம் நம்பர் பொடி

புற்றுநோய் அணுக்களுக்குள் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. அந்தப் பிடி இருக்கும்வரை புற்றணு சாகாது. இரண்டையும் பிரிக்கும் ஒரு சின்ன மூலக்கூறைத் தேடுவதுதான் ஆறு வருடமாக என் வேலை. வழக்கமான மருந்துக்குப் புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கும், போய் உட்கார்ந்துகொள்ளும். என் புரதங்கள் சேரும் இடமோ துடைத்து வைத்த மேஜை மாதிரி வழவழவென்று இருந்தது. ஆறு வருடத்தில் நான் பிரித்தது எதையென்று கேட்டால், என்னையும் என் தலைமுடியையும்தான்.

அப்போதுதான் நான் செய்த மூலக்கூறுகளில் நாற்பத்தேழாம் நம்பர், மஞ்சள் நிறப் பொடி ஒன்று, வேலை செய்தது. சோதனைக்கூடத்தில் அளவெடுக்கும் அக்கா தாளை நீட்டினார். நூற்றுக்குத் தொண்ணூறு ஜோடிகள் பிரிந்திருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இயக்குநரின் அறைக்கு ஓடினேன். மனைவிக்கும் மாமனாருக்கும் போன் போட்டேன்.

அக்கா மட்டும் அசையவில்லை. "இது சரியா கரையல. கட்டி கட்டியா சேர்ந்து, அதுல புரதம் போய் ஒட்டிக்கிட்டிருக்கலாம். அப்போ எதைப் போட்டாலும் பிரிஞ்ச மாதிரிதான் தெரியும். ஒரு சொட்டு டிடர்ஜென்ட் விட்டா கட்டி கரைஞ்சிடும். பாத்துரலாமா?" என்றார்.

நாற்பது நிமிட வேலை. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். முதல் நாள் கருவி காலியில்லை என்றேன். மறுநாள் எனக்கு ஜலதோஷம் என்றேன். இடையில், முடிவை அறிவிக்கும் கூட்டத்துக்காகத் திரையில் காட்ட முப்பது படங்கள் தயாரித்து, "இது எங்கள் குழுவின் உழைப்பு" என்று அடக்கமாகச் சொல்லக் குளியலறைக் கண்ணாடி முன் பழகிக்கொண்டேன்.

கூட்டத்தன்று காலை அக்கா என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவரே டிடர்ஜென்ட் விட்டுச் சோதித்து, புதுத் தாளைக் கொண்டுவந்திருந்தார். தொண்ணூறாக இருந்தது வெறும் இரண்டாகக் குறைந்திருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க."

கூட்டத்தில் முதல் படத்தோடு நிறுத்திவிட்டு அந்தத் தாளை வாசித்தேன். எப்போது சந்தேகம் வந்தது என்று இயக்குநர் கேட்டார்.

"எனக்கு வரல சார். அக்காவுக்கு வந்துச்சு, மூணு நாள் முன்னாடியே."

அவர் திட்டவில்லை. பழைய பொடிகள் எல்லாவற்றையும் டிடர்ஜென்ட் விட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். அன்று மாலை மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "பரவாயில்ல மாப்பிள்ளை, நாலு பேர்கிட்டதான் சொல்லியிருக்கேன்" என்று ஆறுதல் சொன்னார்.

மிச்சமிருந்த நாற்பத்தாறில், நான் உதவாக்கரை என்று ஒதுக்கிய ஒன்று மட்டும் டிடர்ஜென்ட் விட்ட பிறகும் மாறவில்லை. முன்பும் பின்பும் பதினொரு சதவீதம். அக்கா இரண்டு தடவை அளந்து, "கொஞ்சம்தான். ஆனா நிஜம்" என்றார்.

அதன் வடிவத்தை அங்கங்கே மாற்றி இதுவரை இருபத்திரண்டு புதுப் பொடிகள் செய்திருக்கிறேன். ஒன்று பத்தொன்பது சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. அக்கா அளவெடுக்கும்போது என்னைக் கதவுக்கு வெளியே நிற்க வைக்கிறார். உள்ளே இருந்தால் எண்ணைப் பார்க்காமலே சிரிக்கத் தொடங்கிவிடுகிறேனாம்.