இரைச்சல் இல்லாத பெட்டி

அக்காவின் பதிவைக் கேட்டபோது முதலில் என்னை உறுத்தியது அந்த நிசப்தம்தான். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. மூச்சு இல்லை, ஃப்ரிட்ஜின் உறுமல் இல்லை, எந்த மைக்கிலும் இருக்கிற சன்னமான இரைச்சல்கூட இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டி, இவ்வளவு சுத்தமாகப் பதியுமா?

அதை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதுதான் என் வேலை. மேடைகளுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால், நான் ஒரு சாமானைச் சந்தேகப்பட்டால்கூடப் படித்த திமிர் என்பார்கள். விற்பனையாளர் சோதனைக்குத் தந்த பெட்டியை மேடையில் நான் பார்ப்பது, வீட்டில் அக்கா பார்ப்பது என்று ஏற்பாடு. அக்கா கதைகளை ஒலிநூலாக வாசிப்பவள். கழுத்தில் அறுவை சிகிச்சை ஆகி, இப்போதுதான் மறுபடி மைக் முன்னால் உட்கார்கிறாள்.

அவள் அனுப்பிய அத்தியாயம் ஒலிநூல் பதிப்பகத்திலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. வரிகளின் கடைசியை விழுங்குகிறாளாம். இன்று சாயங்காலத்துக்குள் சரியாக வராவிட்டால் வேறு குரல் பார்த்துக்கொள்வார்களாம்.

"தொண்டை போச்சுடி," என்றாள் அக்கா.

"குரலுக்கு ஒண்ணும் ஆகலைன்னு டாக்டர் சொன்னாரே."

"அவர் ஆறுதலுக்குச் சொல்லுவார்."

"எனக்கு இந்தப் பெட்டி மேலதான் சந்தேகம்."

அடுத்த அறையிலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார். லாரி உதிரிபாகங்களைப் போனிலேயே விற்பவர். பகல் முழுக்க அவர் குரலில் வீடு அதிரும்.

"ஏன் எஞ்சினியரம்மா, போன ஞாயித்துக்கிழமை இதே பெட்டியிலதானே டிரம்ஸ் எல்லாம் பதிஞ்சே? பிரமாதம்னு நீயே சொன்னே."

"சொன்னேன் மாமா."

"அப்புறம் பெட்டியை எதுக்குத் திட்டுறே? உடம்பு முடியாதவளைப் போட்டு வாட்டாம, விட்டுடச் சொல்லு. நான் சம்பாதிக்கிறது பத்தாதா?"

அவர் இவ்வளவு இதமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் உறுத்தியது.

பழுதான பெட்டியை மினுக்கித் தலையில் கட்டிவிட்டாரோ என்று விற்பனையாளருக்குப் போன் செய்தேன். "சீலை நீங்கதானே மேடம் பிரிச்சீங்க?" என்றார். வாஸ்தவம். வயரைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். மைக்கைச் சந்தேகப்பட்டேன், அதையும் மாற்றினேன். வரிகளின் கடைசி வந்தபாடில்லை.

சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துவந்து, விரல் நுனிகளில் தாங்கி, மைக் முன்னால் கரண்டியால் தட்டினேன். என் காதில் அந்த ரீங்காரம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. பதிவில் தேயவே இல்லை. பாதியில் கத்தியால் நறுக்கியது மாதிரி நின்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் நறுக்.

"இது உன் தொண்டை இல்லக்கா. கிண்ணத்துக்குமா ஆபரேஷன் ஆகியிருக்கு?"

ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் வழியை அடைத்துவிடும் வசதி சில பெட்டிகளில் உண்டு. கேட் என்போம். டிரம்ஸ் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதனால்தான் மேடையில் எனக்குத் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு வரியையும் குரலைத் தாழ்த்தித்தான் முடிப்பாள். அதற்காகவே அவளைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பெட்டியில் கேட்டைப் போடுவது போன் செயலி வழியாக மட்டும்தான். பொத்தான்களே போதும் என்று நான் அதை என் போனில் இறக்கவில்லை. அக்காவின் பழைய போனில் அது ஓடாது. இங்கே வைத்துப் பெட்டியைப் பிரித்த அன்று, "நான் செட் பண்ணித் தர்றேன்" என்று முன்னால் வந்தவர் ஒருவர்தான்.

"மாமா, உங்க போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

அவர் அசையவில்லை. அக்கா எழுந்துபோய்க் கையை நீட்டினாள். கொடுத்தார். செயலி இருந்தது. கேட்டின் அளவு உச்சிக்குப் பக்கத்தில் நின்றது.

"நான் பேசுறது அதுல விழக் கூடாதுன்னு வெச்சேன். இவ வாசிக்கிறப்பல்லாம் நான் வாயைத் தைச்சுக்கணுமா?"

"வரி முடிவு கேக்கலைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்களே, அப்பக்கூட ஞாபகம் வரலையா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நான் என்ன உன்னை மாதிரி படிச்சவனா?"

நான் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. படிக்காதவன் என்று சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டு ஆண்கள் எவ்வளவோ சாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா வாதாடவில்லை. அளவைக் கடைசிவரை கீழே இழுத்தாள். மைக் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வரி வாசித்தாள். போட்டுக் கேட்டோம். குரல் இறங்கி, லேசாகக் கரகரத்து, கடைசி எழுத்துவரை போய் அடங்கியது. பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இருக்குடி," என்றாள்.

பிறகு அவர் போனில் ஏதோ செய்துவிட்டு அவரிடம் நீட்டினாள். "கீழ தெருவுல நின்னு பேசுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் மேல வர வேண்டாம்."

"இந்த வெயில்லயா?"

"நிழல்ல நில்லுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன் அவர் கையில் இருக்கிறது. படிக்கட்டில் நின்றபடியே மறுபடி கேட்டைப் போடலாம். நான் கதவை நோக்கி நகர்ந்தேன்.

"எங்க போறே?" புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா கேட்டாள். "அந்தச் செயலியை அழிச்சுட்டுத்தான் குடுத்தேன். உக்காரு, வாசிக்கணும்."