திருப்பி வைத்த அட்டை

ஜஸ்டஸ் சாருக்கு எதுவும் மறக்காது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தன்னிடம் படித்தவன் வாங்கிய மார்க்கைக்கூடச் சொல்லுவார். சபை உறுப்பினர் பட்டியல் இருந்த எக்செல் ஃபைலின் பாஸ்வேர்டு மட்டும், தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவருக்கு மறந்துபோனது.

"வயசாச்சுல்லா மக்கா," என்று கமிட்டியில் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஷீஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கத்து அந்தச் சபையில் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் செயலாளர். ஆஸ்பத்திரி நர்ஸான ஷீஜாதான் முதல் தடவையாக அவரை எதிர்த்து நிற்கப் புறப்பட்டவள். சனிக்கிழமை சாயங்காலக் கமிட்டியில் பட்டியலை வைக்காவிட்டால் தேர்தல் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் சாரே தொடர்வார். போதகர் பாவம், சண்டைக்குப் பயந்தவர். ஃபைலின் நகலை அவளுடைய பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, "திறந்தா கொண்டு வா" என்று கைகழுவிவிட்டார்.

சனிக்கிழமை காலை அவள் வடசேரியில் கோலப்பனின் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்தாள். ஃபைல் அங்கே வந்து மூன்று நாளாகியிருந்தது.

"ஷீட்டுக்கு உள்ள போட்ட பூட்டுன்னா ரெண்டு நிமிஷத்துல தூக்கிருவேன் சிஸ்டர். இது ஃபைல திறக்கதுக்கே போட்டது. பாஸ்வேர்டு கெடைக்காம ஒரு வரி தெரியாது," என்றான் கோலப்பன். சாரின் பைக் நம்பர், பேரப்பிள்ளைகள் பெயர், கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. "அவரு வாயில எப்பவும் வாற வார்த்த ஏதாவது உண்டா?"

உண்டு. வாக்குத்தத்த வசனம். புத்தாண்டு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. சார் தன்னுடையதை மைக்கில் வாசிக்காமல் இறங்கமாட்டார். ஃபைலின் பெயரில் 2022 என்று இருந்தது. அந்த வருஷம் அவர் வாசித்த வசனத்தின் எண்ணைப் போட்டார்கள். திறக்கவில்லை.

"ஊருக்கே மைக்குல சொன்னத எவன் சிஸ்டர் பூட்டா வைப்பான்?"

ஷீஜா நிமிர்ந்தாள். அந்த வருஷம் வரிசையில் சாருக்குப் பின்னால் நின்றவள் அவள்தான். சார் முதலில் ஓர் அட்டையை எடுத்தார், படித்தார், முகத்தைச் சுளித்தார். அதைத் தட்டின் ஓரத்தில் செருகிவிட்டு வேறொன்று எடுத்துக்கொண்டு போனார். வந்த வாக்கைத் திருப்பி வைத்த ஆளை அவள் அதுவரை கண்டதில்லை. அந்த ஆத்திரத்தில் அதே அட்டையைத்தான் அவள் எடுத்தாள். மனத்தாழ்மை பற்றிய வசனம். சார் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் அஜிஷாவுக்கு போன் போட்டாள். "ஏட்டி, பீரோ கதவுல ஒட்டியிருக்க அட்டையள்ல 2022ன்னு இருக்கத போட்டோ எடுத்து அனுப்பு. பெறவு கிழியாம பிச்சு வை."

கோலப்பன் அதிகாரத்தையும் வசன எண்ணையும் மாற்றி மாற்றி அடித்தான். ஐந்தாவது தடவை பட்டியல் விரிந்தது.

அவள் முதலில் தேடியது தன் பெயரை. இல்லை. வரி வரியாகப் பார்த்தாள். எப்போதாவது சாரை எதிர்த்துப் பேசியவர்கள், அவளோடு சேர்த்து நாற்பத்தொரு பேர், ஒருவர் பெயரும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. திறக்காவிட்டாலும் அவர்தான், திறந்தாலும் அவர்தான்.

"நம்மளே சேத்துருவமா?"

"நான் சேத்தா கள்ளப் பட்டியல்னு அவரே மொதல்ல கத்துவாரு. மூடும்," என்றாள். நாற்பத்தொரு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் கமிட்டி மேஜையில் லேப்டாப்பைச் சாருக்கு முன்னால் வைத்தாள். பாஸ்வேர்டு கேட்டு ஃபைல் நின்றது.

"ஒண்ணும் நடக்கல்லியா?" என்றார் சார், அதே சிரிப்போடு.

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தாள். சிரிப்பு நின்றது.

"ஏட்டி, பாஸ்வேர்டு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அறையில் இருந்த ஒன்பது பேரும் அதைக் கேட்டார்கள். அந்த அட்டைக்கும் பாஸ்வேர்டுக்கும் தொடர்பு உண்டென்று அவள் சொல்லவே இல்லை. போதகர்கூடத் தலையைத் தூக்கினார்.

"நீரு வேண்டாம்னு வச்சத நான் எடுத்தேன் சாரே. மறந்து போச்சுன்னீரே, இப்ப ஞாவகம் வந்துட்டுல்லா? அடியும்."

அடித்தார். பட்டியல் விரிந்தது.

"இனி எனக்க பேரத் தேடும்."

சார் மேலும் கீழும் போனார். "காணலியே," என்றார், யாரிடமோ சொல்வது போல.

எப்போதும் சாரின் பக்கமே நிற்கும் பொருளாளர் ஞானையன் தொண்டையைச் செருமினார். "மூணு வருஷம் முன்ன நான் பாத்தப்ப இருந்துதே சாரே."

"பேர எடுத்தது நீரு. நீரே சேத்துரும்," என்றாள் ஷீஜா.

சார் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அவள் பெயரை அடித்தார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளை விரித்தாள்.

"ஒண்ணு ஆச்சு. இன்னும் நாப்பது இருக்கு. அடியும்."