ஒரு ஜோடி, இரண்டு டிக்கெட்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கண்டக்டர் "எத்தினி பேரு?" என்று கேட்டார். அந்தப் பெண் யோசிக்காமல் "ஒரு ஜோடி" என்றாள்.

"ஜோடியா? பஸ்ல அந்தக் கணக்குலாம் கெடையாதும்மா. அவருக்குக் காசு, உனக்கு ஃப்ரீ. ஆளுக்கு ஒரு டிக்கெட்டு."

அவள் சிரித்துவிட்டாள். தன் டிக்கெட்டை மட்டும் மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். (இலவச டிக்கெட்டை யாராவது பத்திரப்படுத்துவார்களா?) அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "சூளைப் புகை கிழக்கே சாய்ந்தபோது அந்தோணிதாஸின் நெஞ்சில் ஏதோ" —

வேண்டாம். புகை எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தோணிதாஸும் மனைவியும் எலவனாசூர்கோட்டைக்காரர்கள். ரிஷிவந்தியம் பக்கம் இருக்கும் தங்கதுரையின் செங்கல் சூளையில் பல வருடமாகக் கல் அறுக்கிறார்கள். அவர் மண் குழைத்துக் கொடுப்பார். அவள் அச்சில் அடித்துக் கவிழ்ப்பாள். சூளையில் ஆள் கணக்கு கிடையாது, ஜோடிக் கணக்குதான். ஜோடிக்கு ஒரு கூலி, ஒரு பெயர். அந்தப் பெயர் எப்போதும் ஆணின் பெயர்.

என் கதையில் அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்துகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று உத்தரவு. அந்த 'ஆளுக்கு'தான் வம்பு.

3

தங்கதுரையைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரிய மீசைகூட வைத்துப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. அந்தோணிதாஸுக்கு டீ சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சட்டப்படி குடுத்துடறேன் தாஸு. ஆனா ஜோடிக்குக் குடுத்ததுல முக்காவாசி இப்ப ஒரு ஆளுக்கே போவுது. கல்லு வெல ஏறல. ரெண்டு பேருக்கும் குடுத்தா எனக்குக் கட்டாது. இனிமே வூட்டுக்கு ஒரு ஆளுதான். யாரு வர்றதுன்னு நீங்களே பேசிக்கினு திங்கக்கெழம வாங்க."

ஆக, கூலி உயர்ந்தது. வீட்டுக்கு வருவது குறைந்தது. இதை நான் வேண்டுமென்றே செய்யவில்லை. எழுதிக்கொண்டே போனபோது இப்படித்தான் முடிந்தது, எனக்கே எரிச்சலாக இருந்தது.

4

"நீயே போ," என்றார் அந்தோணிதாஸ். "நான் எங்கனா லோடு ஏத்திப் பொழச்சிக்குவேன். ஜோடி இல்லாத பொம்பளைய வேற எந்தச் சூளைல சேத்துப்பான்?"

"இன்னாய்யா பேசற? ஆளுக்குன்னுதான சொல்லிக்கினு இருக்கறாங்க. நானும் ஒரு ஆளுதான? ரெண்டு பேருக்கும் குடுக்கணும்ல?"

"ஆளுதான். அதச் சொல்லப் போயி ரெண்டு பேரு வேலையும் போச்சுன்னா?"

"அதான்யா எனக்கும் பயமா இருக்குது," என்றாள்.

[அடிக்குறிப்பு: இதுவரை அவளுக்கு நான் பெயரே வைக்கவில்லை. திருப்பிப் படித்தபோதுதான் கவனித்தேன். 'மனைவி', 'அவள்' என்றே ஓட்டியிருக்கிறேன். இந்த லட்சணத்தில் சூளைக்காரரை நான் என்ன சொல்வது? அவள் பெயர் லிடியா.]

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அந்தோணிதாஸ் மட்டும் வேலைக்குப் போகிறார். இது எழுதவே வேண்டாம், தானாகவே நடந்துவிடும்.

லிடியா மட்டும் போகிறாள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் அடிக்கும் அச்சுக்கு மண் குழைத்துக் கொடுப்பது யார்? இரண்டு பேர் வேலையை அவள் ஒருத்தி தலையில் கட்டியதுதான் மிச்சம்.

எல்லா ஜோடிகளும் சேர்ந்து வேலையை நிறுத்துகிறார்கள். எழுதும்போதே எனக்குக் கைத்தட்டல் கேட்டது. அழித்துவிட்டேன். (அது நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை நடக்கவில்லை, அவ்வளவுதான்.)

6

திங்கட்கிழமை காலை இருவருமே வந்துவிட்டார்கள். மேஸ்திரி வீரமணி பெயர் கூப்பிடுகிறார்.

"அந்தோணிதாஸு!"

"இருக்கறேன்!" என்று குரல் கொடுத்தது லிடியா. வேண்டுமென்று அல்ல, பழக்கம். அந்தோணிதாஸ் மண் மேட்டில் நிற்கும்போதெல்லாம் இத்தனை வருடமும் அவள்தான் பதில் சொல்லியிருக்கிறாள்.

யாரோ சிரித்தார்கள். "உன்ன யாரும்மா கூப்ட்டது?" என்றார் வீரமணி.

லிடியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "வேற எந்தப் பேருக்கு மேஸ்திரி நான் இருக்கறேன்னு சொல்றது? இந்தப் பேர்லதான இத்தினி வருசமா கல்லு அறுத்துக்கினு இருக்கறேன்?"

அந்தோணிதாஸ் வந்து அவள் பக்கத்தில் நின்றார். அங்கே சிரிப்பு நின்றது. தங்கதுரை எழுந்து வந்தார்.

"உன் பேரு இன்னாம்மா?"

"லிடியாங்க."

7

இப்போது தங்கதுரை வாயைத் திறக்க வேண்டும். ஒரு பெயரைக் கூப்பிட்டால் இருவரில் ஒருவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இரண்டு பெயரையும் கூப்பிட்டால் கல் விலை ஏறும். நான் மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறேன். கல் ரிஷிவந்தியம் பக்கமிருந்துதான் வருகிறது. அதனால் இந்த வரியை நான் எழுதுவது சரியாக இருக்காது.

நீங்கள் கூப்பிடுங்கள். அவள் பெயர் உங்களுக்குத் தெரியும்.