கயிற்றில் எத்தனை கை

ஜெஸ்மின் மிஸ் வகுப்பில் ஆளுக்கொரு சின்ன ஆங்கிலச் சொல்லைத் துண்டுகளில் எழுதி, பிஸ்கட் தகரத்துக்குள் போட்டுக் குலுக்கி, எடுக்கச் சொன்னார்.

"பெரிய சொல்லைக் கண்டு பயப்பிடாதேங்கோ பிள்ளையள். அதுக்கு ஒரேயொரு வேலைதான். சின்னதுகள்தான் ஊர் சுத்தும். எங்க எங்க போகுதெண்டு பின்னாலயே போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

நிருஜாவுக்கு 'ஹான்ட்' வந்தது.

"கை," என்றாள் பக்கத்தில் இருந்த றிஷானா. "முடிஞ்சுது உன்ர வேலை. எனக்கு 'ரன்' விழுந்திருக்கு. ஓடியே சாகப்போறன்."

முடியவில்லை. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதுமே அந்தச் சொல் தன் சேட்டையைத் தொடங்கிவிட்டது. சாரதியின் தலைக்கு மேலே நின்றுபோன மணிக்கூடு ஒன்று இருந்தது. அதில் இருப்பவை முட்கள் என்றுதான் அவள் இதுவரை நம்பியிருந்தாள். கைபேசி அகராதியோ அவை கைகள் என்றது. அப்படியானால் நேரம் நம்மைக் குத்துகிறதா, கை காட்டிக் கூப்பிடுகிறதா? உப்புவெளி தாண்டும்வரை அதையே யோசித்தாள். அந்தக் கைபேசியும் செக்கன்ட் ஹான்ட்தான். முகம் தெரியாத யாரோ ஒருவரின் நகக்கீறல் அதன் முதுகில் இருந்தது. சீட்டாட்டத்தில் ஒருவருக்கு விழும் சீட்டுகளும் ஆங்கிலத்தில் கையாம். அது அவளுக்குப் புதிதில்லை. கடற்கரை வாடிக் கொட்டிலில் முந்நூற்றுநாலு விளையாடும் அப்பாவும் "இந்தக் கை சரியில்லை" என்று சீட்டுகளைத்தான் வைவார். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

ஒரு பொருள் மட்டும் பிடிபடவில்லை. கப்பலில் வேலை செய்கிறவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் 'ஹான்ட்ஸ்'. முழு ஆளையும் விட்டுவிட்டுக் கையை மட்டும் ஏன் கூப்பிடுகிறார்கள்? தலை எங்கே போயிற்று? பெயர் எங்கே போயிற்று?

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மா இரத்தினேஸ்வரி மாக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்கிலிசில பொம்பிளை கேக்கிறதுக்கு 'அவவின்ர கையைக் கேட்டவர்' எண்டுதான் சொல்லுவினமாம்."

"கையை மட்டும் கொண்டுபோய் என்ன செய்யிறது? உன்னை ஆரும் கேட்டு வந்தால், வாயையும் சேத்துக் கொண்டுபோகச் சொல்லு. இப்ப அந்த உரலைப் பிடி."

அந்த இடியப்ப உரலில்தான் வீடு ஓடியது. நாள்தோறும் விடியலில் நிருஜா இடியப்பத்தைக் கடற்கரை ஹோட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்பா இராசதுரை, கடலில் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலைக்காரர். போன வருடம் தோணி தள்ளும்போது வலது தோள்மூட்டு விலகிப்போய், அதன்பின் கயிறு பிடிக்க ஏலாமல் போயிற்று. கயிறு பிடிக்காதவனுக்கு மீனில் கூறு இல்லை. மண்டாடி யோகலிங்கம் நடத்துகிற வலையில் அது மாறாத சட்டம்.

லொறிக்காரன் வாங்கியது போக மிச்ச மீனை, கயிறு பிடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை கூறாக யோகலிங்கம் மணலில் வைப்பார். பிறகு ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். மண்டாடி ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். முதுகு காட்டியவர் ஒரு பெயரைச் சொல்லுவார். நல்ல பாரை யாருக்கு விழுந்தாலும், வெறும் சூடை யாருக்கு விழுந்தாலும் பிறகு பேச்சில்லை. பெயரை வேறு எவரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. பெயர் சொல்லுகிறவரின் வீட்டுக்கு அங்கே கூறு இருக்கவும் கூடாது. ஒருமுறை பெயர் சொல்லப்பட்டவர், பருவம் முடியும்வரை அந்தக் கயிற்றின் ஆள்.

தோள் போனபின் அந்த முதுகு காட்டும் இடத்தைத்தான் அப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். மீன் கிடைக்காது. ஆனால் கடற்கரைக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது. கவிழ்த்துப் போட்ட பழைய தோணியில், தென்னைகளைப் பார்த்தபடி, நீதவான் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, நான் கயிறு பிடிக்கட்டோ?" என்று பருவம் தொடங்கியபோதே நிருஜா கேட்டிருந்தாள்.

"பொம்பிளைப் பிள்ளையள் பிடிக்கிறேல்லை."

"வெள்ளைக்காரப் பிள்ளையள் பிடிக்கினமே?"

"அவையள் விளையாட்டுக்குப் பிடிக்கினம்."

"நான் வேலைக்குத்தானே கேக்கிறன்."

"அதுதான் ஏலாது எண்டுறன்."

சனிக்கிழமை காலை இடியப்பப் பெட்டியை ஹோட்டலில் இறக்கிவிட்டு நிருஜா கடற்கரைப் பக்கமாக வந்தாள். வலைக்காரரில் பாதிப்பேர் கட்டைபறிச்சானுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். வலையோ கடலில் கிடந்தது. கயிற்றில் ஆட்கள் பல் விழுந்த வாய்போல இடைவிட்டு நின்றார்கள். நடுவில் எல்கே என்ற ஜெர்மன்காரப் பெண், மணலில் குதி ஊன்றி, சிரித்துக்கொண்டே இழுத்தாள். ஹோட்டலில் இடியப்பம் வாங்குகிற பழக்கத்தில் அவளுக்கு நிருஜாவைத் தெரியும்.

"வா! இங்கே கை போதாது!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

அந்தச் சொல்! நிருஜா அதன் பின்னாலேயே போனாள். உண்மையில், கேள்வி கேட்கத்தான் போனாள். "ஏன் கை என்று சொல்லுகிறீர்கள்? ஏன் ஆள் என்று சொல்லவில்லை?"

"எனக்குத் தெரியாது, அது என்னுடைய மொழியும் இல்லை. முதலில் பிடி!"

பிடித்தாள். கயிறு உயிருள்ளது மாதிரி ஒருமுறை உதறியது. பிடித்தபிறகுதான் அடுத்த சட்டம் ஞாபகம் வந்தது. மடி, மீன் சேர்கிற அந்த வலைப்பை, கரை தொடுமுன் எவரும் கயிற்றை விடக்கூடாது. விட்டால் மீன் போய்விடும் என்பார்கள்.

யோகலிங்கம் அவளைக் கண்டார். வாயைத் திறந்தார். பிறகு கடலைப் பார்த்தார். வலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. "காலை அகட்டி நில்லு பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குனிந்து இழுக்கும்போது அவளுக்கு முகங்கள் தெரியவில்லை. முன்னே கயிறு, கயிற்றில் கைகள். கறுத்தது, சிவந்தது, பச்சை குத்தியது, மோதிரம் போட்டது. எது யாருடையது என்று தெரியவில்லை, தெரியவேண்டியதாகவும் இல்லை. தலையும் பெயரும் எங்கே போயின என்று கேட்டாளே! எங்கேயும் போகவில்லை, கயிறு இறங்கும்வரை ஒதுங்கி நின்றன. அந்தச் சொல்லை முதன்முதலில் சொன்னவன் இப்படிக் குனிந்து நின்றுதான் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. உள்ளங்கை எரிந்தது. கடைசி முழம் வரும்போது யோகலிங்கம் கயிற்றோடு நடந்து, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளுடைய காப்புப் போட்ட கைகளிலும் அவர் கண் ஒரு கணம் நின்றது.

மடி ஏறியது. லொறி போயிற்று. கூறு வைக்கும் நேரத்துக்கு அப்பா வாடியிலிருந்து வந்தார். எல்லாரும் வட்டமாக நின்றபடியால், ஆண்களின் முதுகுகளுக்குப் பின்னால் நின்ற மகளை அவர் காணவில்லை. தோணியில் ஏறி, தென்னைகளைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இது ஆருக்கு?"

"முனீப்."

"இது?"

"பிரவீனன்."

"பாரை எனக்கடா!" என்று பிரவீனன் குதித்தான். பெயர்கள் போய்க்கொண்டிருந்தன.

"இது?"

"சிரிப்புக் கேட்டது. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு." எல்கேயைக் கைதட்டி முன்னே தள்ளினார்கள்.

ஒரு கூறு மிச்சம் கிடந்தது.

"இது ஆருக்கு?"

"முடிஞ்சுதே. எல்லாரையும் சொல்லிப்போட்டன்."

"கூறு கிடக்கு, இராசதுரை."

"பிழையா வைச்சிருப்பாய்."

"நான் தலையை எண்ணிறேல்லை. கடைசி முழத்தில கயிற்றில கிடந்த கையைத்தான் எண்ணினனான். ரெண்டு கை கூடக் கிடந்தது."

அப்பா தென்னைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், "காப்புப் போட்ட கையோ?" என்றார்.

யாரோ செருமினார்கள். 'ஆருக்கும் இல்லை' என்று அவர் சொன்னால் போதும். கூறு கடலுக்குப் போகும், அவர் தோணியில் இருப்பார், நாளைக்கும் எல்லாம் இன்றுபோலவே நடக்கும். நிருஜா அந்த முதுகைப் பார்த்தாள். வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது.

"இடையில விட்டதோ?"

"விடேல்லை," என்றார் யோகலிங்கம். "தோல் உரிஞ்சு போச்சு. விடேல்லை."

அப்பா இடது கையால் தோணியின் பலகையை ஒருமுறை தடவினார்.

"நிருஜா," என்றார். பிறகு, வேறு நிருஜாவுக்குப் போய்விடுமோ என்று பயந்தவர்போல, "இராசதுரையின்ர நிருஜா."

எழுந்து சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நாளைக்கு இதில வேற ஆரையும் இருத்துங்கோ. எங்கட வீட்டுக்குக் கூறு வந்திட்டுது."

எல்கே அவள் காதுக்குள் கேட்டாள்: "என்ன சொன்னார்?"

நிருஜாவுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. "என்னுடைய பெயரைச் சொன்னார்," என்றாள்.

அப்பா கிட்டே வந்து அவளுடைய கைகளை விரித்துப் பார்த்தார். ஏச்சு வரும் என்று காத்திருந்தாள். "உப்புத் தண்ணியில கழுவு. எரியும், பொறுத்துக்கொள். கொம்மாவுக்கு நீயே சொல்லு, என்னால ஏலாது." மீன் பையை இடது கையில் தூக்கிக்கொண்டார்.

தென்னைகளுக்குள்ளால் நடந்தார்கள். கொஞ்சத் தூரம் போனபின் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்பா, நாளைக்கு நீங்கள் கடற்கரைக்கு வரமாட்டியளோ?"

"வராமல்? ஒரு வருசமா மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தனான்," என்றார் அப்பா. "நாளைக்கு முன்னுக்கு நிண்டு பாக்கப்போறன்."