கையால் கீறிய வேகம்

...அதுவும் பேராதனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. பேராதனை எங்கே, ஹுன்னஸ்கிரிய எங்கே, எங்கள் மடவளையிலிருந்து ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம், பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் திசை பார்த்துச் சொல்லக் கூடாதா மனிதன், தன் போன் கடைக்குச் சாமான் எடுக்கப் போனவன் உயிரில்லாமல் ஜனாஸாவாக மலைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினால் பெண்டாட்டி என்னவென்று நினைப்பது... ஞாயிற்றுக்கிழமை விடிய, மலை வளைவுகளில், மோட்டார் சைக்கிள் பந்தயம். மூன்று வயதுப் பிள்ளையின் வாப்பாவுக்கு. மழையில் வழுக்கியது என்று வீட்டார் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், ஊரும் தலையாட்டுகிறது, அல்லாஹ்வின் நாட்டம் என்கிறது, நான் வெள்ளை உடுத்திக்கொண்டு இந்த அறையில் விதவைக்குரிய இத்தா இருக்கிறேன், வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது, சரி, தாண்டவில்லை, படவில்லை, ஆனால் கோபப்படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நல்லவேளை. கோபம்தான் என்னைக் காலையில் எழுப்புகிறது, பல் விளக்க வைக்கிறது, பிள்ளைக்குச் சோறு ஊட்ட வைக்கிறது, அது இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டிலிலேயே கிடந்து உக்கிப் போயிருப்பேன், நிஸாம், கேட்கிறதா உங்களுக்கு?

கதவைத் தாழ் போட்டாயிற்று. மாமி, நிஸாமின் உம்மா, பகல் லுஹர் தொழுதுவிட்டு முஸல்லாப் பாயிலேயே தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருப்பார், பிள்ளை நுஹா அவர் மடியில் தூங்கியிருப்பாள், இதுதான் நேரம், மாலை அஸருக்குப் பிறகு முஸ்அப் வந்துவிடுவான். நிஸாமின் தம்பி. நேற்றுத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு தொண்டையைச் செருமினான். "மதினி, நானாட லெப்டொப்ப நாளைக்கு எடுத்துக்கிட்டுப் போறன். அதுல படம், பாட்டு எல்லாம் ஈக்கி. அதுகள் ஈக்கிற வரைக்கும் அந்தப் பாவம் நானாக்குப் போய்ச் சேந்துக்கிட்டே ஈக்கும். அழிச்சிட்டுத் தாரன்." சொல்லும்போது குரல் உடைந்தது, பாவம், அவனுக்கு நானாவை, தன் அண்ணனை, கப்றுக் குழியில் காப்பாற்ற வேண்டும், உயிரோடு இருந்தபோது மோட்டார் சைக்கிள் சாவியை ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. ஆக, இன்றைக்குத்தான் கடைசி. இன்றைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தக் கடைசி வளைவில் இந்த ஆள் எங்களை நினைத்தாரா, இல்லையா? என்னை விடுங்கள், பிள்ளையை?

இப்போது கணக்குப் பார்த்தால், போட்டிக்கு முந்திய இரவெல்லாம் லெப்டொப்பில் நான் போட்டிருக்கும் இந்தப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார், ஜப்பான்காரன் கையால் கீறிய கார்ட்டூன் படம், எந்தக் காலமோ, எந்தக் கிரகமோ, வற்றிப்போன ஒரு கடலின் அடியில் வாகனங்கள் பறக்கின்றன, விஞ்ஞானக் கதையாம். பெயர்கூட என்னால் வாசிக்க முடியாது. மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவன்தான் கதாநாயகன். போன கிழமை அபீபா சாச்சி துக்கம் விசாரிக்க வந்தவர் திரையில் அவனைக் கண்டுவிட்டு முந்தானையை இழுத்துக்கொண்டார், "இத்தாவுல ஈக்கிற பொம்புள இதெல்லாம் பாக்கலாமா?" இது கீறின படம் சாச்சி, மையால கீறினது என்றேன், அவர் திரையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்து, "கீறின ஆம்புளயும் ஆம்புளதானே மகள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெள்ளையுடையோடு சிரித்தேன், அவர் அதைப் போய் எத்தனை வீட்டில் சொன்னாரோ. ஆனால் சாச்சி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, இந்த மையால் செய்த ஆம்பிளையோடுதான் என் புருஷன் என்னைவிட அதிகம் பேசினார்.

ஓடுகிறது படம். என்ன இருக்கிறது இதில் என்று முன்பு கேட்டிருக்கிறேன், கலியாணமான புதிதில், அவர் கண் விரியச் சொன்னார், "ஒவ்வொரு படமும் ஒருத்தன் குந்திக் கையால கீறினது இன்ஷிரா, வருசக்கணக்கா. கொம்பியூட்டர் செஞ்சா எல்லாம் நேரா ஈக்கும். இது நடுங்குது பாருங்க, கோடு நடுங்குது, கீறினவன்ட கை நடுங்கினது அது." அன்றைக்கு நான் உம் கொட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். இப்போது பார்க்கிறேன், நடுங்கத்தான் செய்கிறது. வேகம் கூடக்கூட பிளாஸ்திரிக்காரன் முகம் பின்னால் இழுபடுகிறது, கன்னம் காதைத் தாண்டிப் போகிறது, விரல்கள் நூடில்ஸ் மாதிரி நீளுகின்றன, நிறுத்திப் பார்த்தால் அசிங்கம், மனிதனே இல்லை, வெறும் இழுப்பு, ஓடவிட்டால் அழகு, அப்படியோர் அழகு... அப்படியென்றால் வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு நீங்களே அசிங்கமாகத் தெரிந்தீர்களா? நின்றால் அசிங்கம், ஓடினால் அழகு என்று யார் உங்களுக்குச் சொன்னது, இவனா? நாங்கள் நின்ற இடத்தில்தானே உங்களை விரும்பினோம்.

துஷாந்தைக் கேட்டேன், ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பையன், அன்றைக்குப் பந்தயத்தில் அவருக்குப் பின்னால் ஓடி வந்தவன், அவரோடு சேர்ந்து எத்தனையோ தடவை அந்த வளைவுகளில் இறங்கியவன். மாமி குளிக்கும் நேரம் பார்த்துப் போன் எடுத்தேன். பந்தயத்துக்கு முன்னால் ஏதாவது சொன்னாரா தம்பி, வீட்டைப் பற்றி, பிள்ளையைப் பற்றி, யோசித்துச் சொல்லுங்கள். அவன் அழுதான், நான் அழவில்லை. "இல்லைங்க அக்கா, ஒன்னும் சொல்லல. தண்ணி இருக்கான்னு கேட்டாரு. குடிச்சாரு, போனாரு." தண்ணீர்! பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்தப் பையன், மகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் அக்கா என்று ஒரு வார்த்தை, எனக்கு அது காலத்துக்கும் போதுமாயிருக்கும், உண்மை பேச ஊரில் இவன் ஒருத்தன்தான் மிஞ்சியிருக்கிறான். அதனால்தான் இந்தப் படத்தைத் துருவுகிறேன், இதில் எங்கேயாவது ஒரு வீடு வருகிறதா, ஒரு பெண் வாசலில் நிற்கிறாளா, பிளாஸ்திரிக்காரன் திரும்பிப் பார்க்கிறானா... இதுவரை இல்லை. வீடே இல்லாத கிரகம்.

கடைசிப் பந்தயம் வந்துவிட்டது, இதைத்தான் அவர் திரும்பத் திரும்பப் போடுவார், நான் இதை முழுதாகப் பார்த்ததே இல்லை, கோபத்தில் நடுவிலேயே மூடிவிடுவேன், இன்றைக்கு மூட முடியாது, கண்ணைக் கழுவிக்கொண்டு தேடு இன்ஷிரா, சத்தத்தை மெல்லமாக வைத்துக்கொண்டு தேடு. உப்புத் தரை வெடிக்கிறது, அவன் வாகனத்தின் கதவு பிய்ந்து போகிறது, சரி போகட்டும், மேல்மூடி போகிறது, கண்ணாடி போகிறது, இனி அவனுக்கும் காற்றுக்கும் நடுவே ஒன்றுமில்லை, முன்னால் ஒருத்தன் இருக்கிறான், பெரிய கறுப்பு வாகனம், பிடி, பிடித்துவிடு, வலப் பக்கம் இடமிருக்கிறது மடையா, வலப் பக்கம்... கோடுகள் வருகின்றன, வெள்ளை, மஞ்சள், பிறகு நிறமே இல்லை, தரையும் வானமும் ஒரு நூலாகிவிட்டன, அவன் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, அவன் எலும்பு தெரிகிறது, பென்சில் கோடு மட்டும், ஒரே ஒரு கோடு, அதுவும் நடுங்குகிறது, இன்னும், இன்னும் கொஞ்சம், விடாதே, இப்போது விடாதே, போ, போ, போ...

முடிந்தது. திரை கறுத்தது. கட்டில் விளிம்பில் முழங்காலில் நிற்கிறேன், எப்போது எழுந்தேன், கை இரண்டும் எதையோ பிடித்து முறுக்குவது போல் மடங்கியிருக்கின்றன, வாய் காய்ந்துவிட்டது, தண்ணீர் வேண்டும் போல் இருக்கிறது. பிறகுதான் கேட்டது. கதவில் தட்டும் சத்தம், சின்னக் கையின் தட்டல், களைத்துப்போன தட்டல், அதற்கு மேல் மாமியின் குரல். "மகள்! இன்ஷிரா! கதவத் தொறங்க!" ஓடிப்போய்த் தாழை எடுத்தேன். நுஹா நின்றாள், முகமெல்லாம் சிவந்து வீங்கி, மூக்கு ஒழுகி, காற்சட்டை நனைந்து காலடியில் ஈரம். கதவுக்கும் கட்டிலுக்கும் ஒரு கை எட்டுகிற தூரம்தான்.

"எவ்வளவு நேரமாப் புள்ள உம்மா உம்மான்டு கத்திக்கிட்டு ஈக்கி... நான் அஸர் தொழுகைல ஈந்தன், முடிச்சிட்டு ஓடி வாறன், நீங்க உள்ளுக்கு ஈக்கிறீங்களே மகள், காது கேக்கலயா?"

கேட்கவில்லை மாமி. தூங்கவில்லை, மயங்கவில்லை, ஆனால் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கினேன், ஈரம் என் வெள்ளைச் சேலையில் ஒட்டியது, அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கினாள், "நா கூப்புட்டன், நீங்க வரல்ல." கோபத்தைத் தேடினேன், வழக்கமாக அது இருக்கும் இடத்தில், நிஸாம் என்று தொடங்கினால் போதும் வந்து நிற்குமே, தொடங்கினேன், வரவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, நினைக்கவில்லை, எங்களை நினைக்கவில்லை, அந்த வேகத்துக்குள் நினைக்க இடமில்லை, எனக்கே இல்லையே, எனக்குப் பிள்ளை இருக்கிறாள் என்பதே அங்கே இல்லையே... இனி காலையில் என்னை எது எழுப்பும்? வாசலில் முஸ்அபின் வான் வந்து நின்றது, சலாம் சொன்னான், திரைச்சீலைக்கு அப்பால் கதிரை இழுபட்டது. "மதினி, எடுத்து வெச்சிட்டீங்களா?" மாமி என்னைப் பார்த்தார். என் கண் கறுத்த திரைக்குப் போனது. படத்துக்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது, யாரும் சாகாத நேரம், யாரும் பிறக்காத நேரம், இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை... பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன், இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நோவுது உம்மா" என்றாள் நுஹா.