மோதிர விரல் நகம்

மதியம் இரண்டு மணிக்கு என் மனைவியின் வலது கை மோதிர விரல் நகம் உடைந்தது. உடைத்தது நான்தான். கிட்டார் பெட்டியின் பழைய கொக்கி தொளதொளவென்று ஆடுகிறதே, கச்சேரிக்குப் போகிற வழியில் வாயைத் திறந்துகொண்டால் அசிங்கமாயிற்றே என்று முதல் நாள்தான் புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். புது ஸ்பிரிங். அவள் திறக்கப்போன வேகத்தில் பட்டென்று தெறித்தது. கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நகம்தானே, வளராதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிளாசிக்கல் கிட்டார்காரர்களுக்கு வலது கை நகம்தான் குரல். இடது கையில் நகமே கூடாது, வலது கையில் அளவாக, வழவழவென்று இருக்க வேண்டும். அதைத் தேய்க்க, கடையில் இருப்பதிலேயே நைசான உப்புத்தாளை நான்தான் வாங்கி வருவேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும், டப்பா மூடி திறப்பதும் நான்தான். "உன் பெண்டாட்டி என்ன மகாராணியா?" என்று என் அக்கா ஒருமுறை கேட்டாள். "ஆமாக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மகாராணியின் அரியணை இசைப்பள்ளியின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கு அடுத்த அறையில் இருந்தது. இருபத்தாறு வருட வேலை. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளிடம் 'மெதுவா மிஸ்' என்று பெயர் வாங்கியவள். ஊரின் பெரிய அரங்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கச்சேரி வரிசைக்குப் பதினொரு முறை விண்ணப்பித்தாள். பதினொரு முறையும் ஒரே பதில்: ஆசிரியர்களை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். அந்த மதிப்பைக் கொண்டுபோய் உடைப்பில் போட! இந்த முறை வாசிக்க இருந்தவருக்குக் காய்ச்சல் வந்ததால், நான்கு நாள் இருக்கும்போது அரங்கச் செயலாளர் போன் செய்தார். "டீச்சர், எப்படியாவது ஒப்பேத்திருங்க, போதும்" என்றார். அந்த ஆளிடம் போய் நகம் உடைந்துவிட்டது, வரமுடியாது என்று சொன்னால், இனி எந்தக் காலத்திலும் கூப்பிடமாட்டார்கள்.

கடைக்கு ஓடி ஒட்டு நகம் வாங்கி வந்து பசை போட்டு ஒட்டினேன். வாசிக்கத் தொடங்கிய மூன்றாவது வரியிலேயே பறந்து சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. அவள் நகமில்லாமலே வாசித்துப் பார்த்தாள். கட்டைவிரல் மெட்டைப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை மாற்றி மாற்றித் தட்டி, அறுபடாத ஒரே இழையாக ஒலிக்க வேண்டிய இடம் அது. மூன்றில் ஒன்று மொத்தென்று விழுந்தது. கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

அவள் நகவெட்டியை எடுத்து ஆள்காட்டி விரல் நகத்தையும் நறுக்கினாள்.

"ஏய், என்ன பண்ற? பைத்தியமா?"

"ஒண்ணு மட்டும் மங்கலா கேட்டாதாங்க அசிங்கம். நாலும் ஒரே மாதிரி இருந்தா அது வேற குரல்."

"நகமே இல்லாம எப்படி வாசிப்ப?"

"நகம் கடிக்கிற பிள்ளைங்களுக்கு இத்தனை வருஷமா நான் எப்படிச் சொல்லிக்குடுத்தேனாம்?"

எனக்கு உறைத்தது. வருடத்துக்கு மூன்று நான்கு பிள்ளைகள் அப்படி வரும். முதலில் நகம் வளர்த்துவிட்டு வா என்று மற்ற ஆசிரியர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவள் அனுப்பமாட்டாள். விரல்நுனிச் சதையால் எந்தச் சாய்வில் தொட்டால் தந்தி பேசும் என்று தானே மாதக்கணக்கில் வாசித்துக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுப்பாள். நாலு நகமும் போன பிறகு அதே இடத்தை மறுபடி வாசித்தாள். உருண்டையாக, வெதுவெதுப்பாக ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் கேட்டிராத சத்தம். ஆனால் சின்னது. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன், அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அந்த அரங்கத்தில் மைக் வைக்கமாட்டார்கள், அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

"கடைசி வரிசைக்குக் கேக்குமா?" என்றேன்.

"தெரியலைங்க" என்றாள்.

ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. நான் பதினைந்தாவது வரிசை. முதல் உருப்படி தொடங்கியது. விரல்கள் ஓடுவது தெரிகிறது, சத்தம் பாதிதான் வந்து சேர்கிறது. பக்கத்தில் ஒருவர் இருமினார். முன்வரிசையில் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மீதிப் பாதியை எது தின்கிறது என்று அங்கே வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நான் ஏசி மெக்கானிக். உள்ளே நுழைந்தபோதே கேட்டுவிட்டேன், மேலே ப்ளோயரில் பேரிங் தேய்ந்து ஊஊ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

எழுந்து, பின்பக்க நடை வழியாக மெஷின் அறைக்குப் போனேன். ஆபரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஏசிய நிறுத்துங்க."

"விளையாடுறீங்களா? முந்நூறு பேரு வெந்துருவாங்க!"

"வேகட்டும்" என்று சொல்லிவிட்டு நானே சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். வாழ்க்கை முழுக்க ஊரான் வீட்டையெல்லாம் குளிர வைத்தவன் நான். அன்றைக்கு முந்நூறு பேரை வேகவைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது இரண்டாவது உருப்படிக்குக் கை வைத்திருந்தாள். ப்ளோயர் கடைசியாக ஒருமுறை முனகி அடங்கியது. அவள் தலை நிமிர்ந்து மேலே பார்த்தாள். யார் வேலை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தொடங்கினாள். முதல் சுரமே என் மடியில் வந்து உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் சட்டையெல்லாம் முதுகில் ஒட்டிக்கொண்டது. நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் அதன் சரசரப்புக்கே கூச்சப்பட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த மூன்று விரல் இழை வந்தது. எங்கேயும் அறுபடவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசி உருப்படி முடிந்ததும் கூரை இடிந்துவிடும்போல் கைதட்டினார்கள். மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. கழுத்தைத் துடைத்துக்கொண்டே செயலாளர் என்னிடம் ஓடி வந்தார்.

"சார், நீங்கதான் ஏசிய நிறுத்தினீங்களாமே?"

"ஆமா. போய்ப் போட்டுடறேன்."

"ஐயையோ, போட்டுடாதீங்க! இன்னும் ஒண்ணு வாசிப்பாங்களா, கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு முறை வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனவள் மூன்றாவது முறை கிட்டாரோடு வெளியே வந்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, காதைச் சாய்த்து ஒரு தந்தியைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தாள். நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், மடக்கு இருக்கைகள் கிறீச்சிடாதபடி கையால் மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டு.