இரண்டு அடுப்புக் குடும்பம்

புதுச் சட்டம் வந்ததும் பண்ணைக்காரர் சில நாள் பத்திரங்களை எடுத்து எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான். மிச்சத்தை அரசாங்கம் எடுத்து, அதில் பாடுபடுகிறவர்களுக்கே கொடுத்துவிடும் என்றது சட்டம். அவரிடம் இருந்ததோ அதைப் போல இரண்டு பங்கு. கடைசியில் மைத்துனன், மனைவியின் தம்பி, வந்தான். வக்கீல். குடும்பம் என்றால் என்ன என்று சட்டத்தில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான். கணவன், மனைவி, ஒரே அடுப்பு.

"அப்ப அடுப்பு ரெண்டானா?" என்றார் பண்ணைக்காரர்.

"குடும்பமும் ரெண்டு, மாமா."

இப்படித்தான் அவர் மனைவிக்குப் பேரப்பிள்ளை எடுத்த வயதில் விவாகரத்து ஆயிற்று.

"சும்மா ஒரு நாடகம்க்கா," என்றான் தம்பி. "பாதி நிலத்தை உன் பேருக்கு மாத்திடுவோம். அதிகாரி வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம், நிலத்தைப் பாத்துக்கற அதிகாரத்தை மாமாவுக்குக் கொடுத்து ஒரு கையெழுத்து. பேரு உன்னோடது, நிலம் அவரோடது."

"நான்?"

தம்பி இதை யோசித்திருக்கவில்லை. "நீயும் அவரோடதுதான்," என்றான்.

முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் உர மூட்டை அடுக்கும் அறை இருந்தது. அதைக் கழுவிவிட்டு, ஒரு கட்டிலும் நாலு பாத்திரமும் அடுப்புமாக அவள் குடியேறினாள். முதலில் அந்த அறையின் மௌனம் அவளை மிரட்டியது. "இந்தா, தண்ணி கொண்டா" என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத ஒரு நாள் எவ்வளவு நீளமானது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. பிறகு அந்த நீளம் பிடித்துப் போயிற்று. ஒரு மத்தியானம் ஏதோ பாட்டு முணுமுணுப்பு காதில் விழ, யார் அது என்று திரும்பிப் பார்த்தாள். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அதிகாரி பொல்லாத மனிதர். சொல்லாமல் வருவார், அதுவும் சாப்பாட்டு வேளைக்கு. வந்ததும் இரண்டு அடுப்பையும் தொட்டுப் பார்ப்பார். முதல் தடவை அவர் பண்ணைக்காரரின் அடுப்பில் கைவைத்தபோது உள்ளேயிருந்து பூனை எழுந்து போயிற்று.

"இன்னிக்குச் சமைக்கலையா?"

"வயிறு சரியில்ல சார்," என்றார் பண்ணைக்காரர். மீசையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி அவரையும் கூட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தார். "ஏம்மா, இவருக்கு நீங்க சோறு போடறீங்களா?"

"பசின்னு வந்தா யாருக்கும் போடுவேன் சார்."

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"எதிர் வீடு."

பண்ணைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றோடு அவருக்குச் சோறு நின்றது. மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கம் புகையும் இருமலுமாகக் கிடந்தது. அரிசியை அவர் திட்டுவது இங்கேவரை கேட்டது.

அந்த வாரம்தான் நடவுக்காரி வந்து வாசலில் நின்றாள். இப்போது இவள் பேருக்கு மாறியிருந்த பள்ளத்து வயலில் காலங்காலமாக இறங்கி வேலை செய்கிற நாலு வீட்டில் நடவுக்காரி வீடும் ஒன்று.

"பள்ளத்து வயல்ல என்ன விதை போடறதும்மா?"

"என்னை ஏன் கேக்கற? அவரைக் கேளு."

"கேட்டேம்மா. அதிகாரி காதுல விழுந்தா வம்பு, அங்க போய்க் கேளுன்னு விரட்டறாரு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். வரப்பில் நின்றபோது தன் பெயரிலுள்ள நிலத்தைத் தான் இதுவரை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம் என்று உறைத்தது. நடவுக்காரி மண்ணை அள்ளிக் காட்டி எந்த மூலை ஊறும், எது காயும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வழியில் நின்று பக்கத்து மேட்டு வயலைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"சட்டம் வருதுன்னதும் இது எங்களுக்கு வந்துடும்னு நெனைச்சோம்மா. இங்க வெண்டைக்காய் போடணும்னுகூட நான் முடிவு பண்ணிட்டேன். அதுக்குள்ள நீங்க பிரிஞ்சுட்டீங்க."

அவள் செருப்பில் ஒட்டிய மண்ணை வரப்பில் தேய்த்தாள்.

"நானும் என் வீட்டுக்காரரும் போடாத சண்டையா? ஒரு நாளும் பிரிஞ்சதில்ல. பிரியறதுக்கும் நிலம் வேணுமில்ல!"

நடவுக்காரி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. நாடகத்தில் தனக்கு என்ன வேஷம் என்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த நாலு வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் எழுப்பிய சுவர் அவள்தான்.

அறுப்பு முடிந்த கையோடு அதிகாரி கடைசியாக வந்து, இரண்டு அடுப்பிலும் கையைச் சுட்டுக்கொண்டு, இரண்டு குடும்பம்தான் என்று எழுதிவிட்டுப் போனார். சாயங்காலமே தம்பி காகிதத்தோடு வந்தான். பின்னாலேயே பண்ணைக்காரரும் வந்தார், விரலில் இரண்டு கொப்புளத்தோடு.

"இங்க ஒரு கையெழுத்துக்கா."

அவள் காகிதத்தை வாங்கிப் படிக்கத் தொடங்கினாள். படிப்பாள் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை.

"இதுல பெண்டாட்டின்னு எங்கயும் இல்லையே?"

"இருக்கக் கூடாதுக்கா. இருந்தா ஒரே குடும்பமாயிடும்."

"அப்ப நான் இவருக்கு யாரு?"

"என்ன கேள்வி இது?" என்றார் பண்ணைக்காரர். "என் பெண்டாட்டிதான். நாடகம் முடிஞ்சுது. கையெழுத்தைப் போட்டுட்டு வந்து உலை வை."

"வரேன். மறுபடி முறையாக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டுப் போங்க."

"ஐயோ அக்கா!" தம்பி பதறினான். "கல்யாணம் பண்ணா நிலம் போயிடும்!"

"போகட்டுமே. அதான் நான் வர்றேனே?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் பதில் வேண்டும் என்று தோன்றியது. அவரைப் பார்த்தாள். அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு தோட்டத்துப் பக்கம் பார்த்தார். தம்பி பேனாவின் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"கொஞ்சம் டைம் குடு," என்றார் அவர் கடைசியில். "யோசிச்சுச் சொல்றேன்."

வலிக்கும் என்று காத்திருந்தாள். வந்தது சிரிப்பு. அது அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"நல்லா யோசிங்க. அவசரமில்ல." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "வக்கீலாச் சொல்லு. என் பேர்ல இருக்கற நிலத்தை யாருக்கு வேணா நான் எழுதிக் குடுக்கலாமா?"

தம்பி மாமாவைப் பார்த்தான். "சட்டப்படி... குடுக்கலாம்."

மறுநாள் காலை பதிவு அலுவலகம் போகும் பஸ்ஸில் அவளும் நடவுக்காரியும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

"பள்ளத்து வயல் முழுக்கவாம்மா?" நடவுக்காரி இன்னும் நம்பவில்லை.

"முழுக்க."

"அந்த மேட்டு வயலு..."

"ஆசையைப் பாரு! அது எனக்கு. நானும் பொழைக்க வேணாமா?"

பஸ் உறுமிக் கிளம்பியது. கண்டக்டர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "யாரோ கை காட்டிக்கிட்டு வர்றாங்க. நிறுத்தணுமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள். அவர்தான். ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி, புழுதிக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"ஐயா முடிவு பண்ணிட்டாரு போலிருக்கும்மா," என்றாள் நடவுக்காரி, குரல் இறங்கிப் போய்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். தெருவின் பாதியைக்கூட அவர் தாண்டவில்லை.

"பண்ணியிருந்தா ஓடி வருவாரு," என்றாள். "நடந்துதானே வர்றாரு."

தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"போகலாம்ப்பா."